செகண்ட் ஹேண்ட் காரும் விண்டோ டிரெஸ்ஸிங்கும்

மதுரையில் வண்டி வாங்கினால் பலரும் முதலில் போகிற இடம் பாண்டி கோயில். மாலை, சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். நேற்று ஷோரூமில் இருந்து இறங்கிய வண்டியா, பத்து வருஷம் ஓடி மூன்றாவது கைக்கு வந்த ஆல்டோவா என்றெல்லாம் பூசாரி பார்ப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே கற்பூரம்தான்.

பிரச்சினை அடுத்துப் போகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. அது ஆக்சஸரீஸ் கடை!

சீட் கவர், அலாய் வீல், கறுப்பு ஃபிலிம், கண்ணைக் கூச வைக்கும் ஹெட்லைட், ஏர் ஹாரன், பின்னால் ஒரு ஸ்பாய்லர், கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர்... அப்பா சீட்டு எடுத்து, அம்மா வளையலை அடகு வைத்து வாங்கிய கார், சாயங்காலத்துக்குள் கல்யாணப் பெண் மாதிரி வந்து நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அந்த டயருக்கு வயது எத்தனை என்று அதுவரை வீட்டில் ஒருவர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். பழைய கார் வாங்கியவர் முதல் வருஷத்தில் செய்ய வேண்டிய ஒரே மாடிஃபிகேஷன், அந்தக் கார் கம்பெனியில் இருந்து வந்தபோது எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டு வருவது. மற்றதெல்லாம் அப்புறம். இதைச் சொன்னால் "போங்கப்பா, உங்களுக்கு ரசனையே இல்லை" என்பார்கள். ரசனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது கணக்கு.

பி.காம் முதல் வருஷப் பாடம்

காமர்ஸ் படிப்பவர்களுக்கு விண்டோ டிரெஸ்ஸிங் என்ற வார்த்தை தெரிந்திருக்கும். மார்ச் 31 நெருங்கும்போது சில கம்பெனிகள் பேலன்ஸ் ஷீட்டை அழகாகக் காட்ட ஒரு வேலை செய்யும். கொடுக்க வேண்டிய கடனைக் கொஞ்சம் தள்ளிப் போடும், வர வேண்டியதை முன்னாலேயே எழுதிக்கொள்ளும். பார்ப்பவருக்குக் கம்பெனி செழிப்பாகத் தெரியும். கடன் மட்டும் அப்படியே இருக்கும்.

பழைய காருக்கு அலாய் வீல் போடுவதும் இதே வேலைதான். முந்தைய ஓனர் மாற்றாமல் விட்ட பிரேக் ஆயில், மாற்றாமல் விட்ட பெல்ட், வெடிப்பு விட்ட டயர் எல்லாம் காரோடு சேர்ந்து வாங்கிய கடன். ஆர்.சி. புத்தகத்தில் எழுதாத கடன். விலை பேசும்போது யாரும் சொல்லாத கடன். கார் உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து அதற்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அந்தக் கடனை அடைக்க வேண்டிய பணத்தில்தான் ஸ்பாய்லர் வாங்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. முதலீட்டுச் செலவு வேறு, நடப்புச் செலவு வேறு என்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். பழைய காரில் அலங்காரத்துக்குப் போடும் பணம் முதலீடு மாதிரித் தெரியும், ஆனால் திரும்பி வராது. விற்கும்போது ஸ்டிக்கருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. "இன்ஜின் சுத்தமா இருக்கா தம்பி, சர்வீஸ் பில் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

வெட்கம்தான் காரணம்

அப்புறம் ஏன் பணம் முதலில் அலங்காரத்துக்குப் போகிறது? அறிவு இல்லாமல் இல்லை. காரணம் வெட்கம்.

"செகண்ட் ஹேண்ட்" என்ற வார்த்தை குத்துகிறது. கல்யாண மண்டப வாசலில் கார் நின்றதும் சொந்தக்காரர் ஒருவர் பின்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்ப்பார். டிஎன் 58 மதுரை தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்த எழுத்தை வைத்தே எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. "பழைய வண்டியா மாப்ளே?" என்ற ஒரு கேள்விக்காகப் பயந்துதான் பாதி மாடிஃபிகேஷன் நடக்கிறது.

ஒரு வீட்டுக்கு முதல் கார் வருவது சின்ன விஷயம் இல்லை. டிவிஎஸ் 50-யில் காய்கறி மூட்டை ஏற்றிப் போன அப்பா, முதல் தடவையாக மழை மேலே படாமல் குடும்பத்தோடு அழகர்கோயில் போகிறார் என்றால் அது பெரிய சந்தோஷம். அதை மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பதில் தப்பே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை மறந்துவிடுவதுதான் தப்பு.

மதுரை பார்த்த நல்ல மாடிஃபிகேஷன்

வண்டியை மாற்றி அமைப்பது மதுரைக்குப் புதிதும் இல்லை, கெட்டதும் இல்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னால் டிவிஎஸ் என்று வளர்ந்தது. அந்தக் காலத்து டிவிஎஸ் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. பஸ்களை நிறுத்தியிருக்கலாம். ஆனால் கரியில் ஓடும் டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்து வண்டிகளை ஓட்டினார்கள். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய ஒரு வாயு வரும். அதை வடிகட்டி இன்ஜினுக்குள் விட்டால் இன்ஜின் ஓடும். பெட்ரோலில் கிடைக்கும் வேகம் இதில் கிடைக்காது. அடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது மாதிரிதான், பார்க்கவும் அழகாக இருக்காது. ஆனால் பஸ் ஓடியது, ஜனங்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

எந்த மாடிஃபிகேஷனுக்கும் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது. இதனால் வண்டி ஒழுங்காகப் போய்ச் சேருமா? ஆம் என்றால் செய்யலாம். "பார்க்க கெத்தா இருக்கும்" என்பது மட்டும்தான் பதில் என்றால் அது வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியது.

முதலில் டயர்

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3217 என்று இருந்தால் 2017-ம் வருஷம் 32-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். ரப்பருக்கு வயதாகும். பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்த டயரை நம்பி நாலு வழிச் சாலையில் ஏறக் கூடாது. பட்டனுக்கும் அளவு உண்டு. பள்ளத்துக்குள் சின்ன மேடு மாதிரி இருக்கும் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரைக் காட்டுகிறது. பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது.

மதுரையில் கத்திரி வெயிலில் தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. அந்த ரோட்டில் காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக நசுங்கி விரிகிறது. அந்த நசுங்கலே உள்ளே சூட்டைக் கிளப்பும். ஐந்து பேர், பின்னால் மூட்டை, கப்பலூர் தாண்டித் திருநெல்வேலி ரோட்டில் 100-ல் போகிறார்கள். டயர் வெடிக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தாளிலோ ஓனர் கையேட்டிலோ எவ்வளவு காற்று வேண்டும் என்று போட்டிருக்கும். ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் இருக்கும். காலையில் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. (நைட்ரஜன் போடட்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்!)

"அலாய் போட்டால் டயரையும் பெருசாப் போடலாமே?" என்பார்கள். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆல்டோவுக்கு வரும் 145/80 ஆர்12 டயரின் மொத்த விட்டம் சுமார் 537 மில்லிமீட்டர். கெத்துக்காக 165/70 ஆர்13 போட்டால் அது 561 ஆகிறது. நாலரை சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 80 என்று காட்டும்போது சக்கரம் பழைய கணக்கைவிட நாலரை சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். மூன்று சிலிண்டர் வைத்த 796 சிசி இன்ஜின், அதைச் சுழற்ற மூச்சு வாங்கும். மைலேஜ் குறையும், ஸ்டீயரிங் கனக்கும், முழு லோடில் மட்கார்டில் உரசவும் செய்யும். இத்தனைக்கும் காசு கொடுத்தது நீங்கள்!

ஏர்பேக் இல்லாத காருக்கு எது பாதுகாப்பு?

இந்தியாவில் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானதும் கிட்டத்தட்ட அப்போதுதான். பக்கத்து சீட் ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் வர 2021 டிசம்பர் கடைசி ஆகிவிட்டது. அப்படியென்றால் 2010, 2012 மாடல் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் இவை எதுவும் கிடையாது. கடையில் வாங்கி மாட்டவும் முடியாது. அந்தக் காரில் உயிரைக் காக்க மிச்சம் இருப்பவை மூன்றே மூன்று. டயர், பிரேக், சீட் பெல்ட்.

பிரேக் ஆயிலைப் பலர் மறந்தே போகிறார்கள். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் கலந்தாலே அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர்கள் உண்டு. டிஸ்க் சூடாகி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஆயிலை மாற்ற ஆகும் செலவு ஒரு நல்ல ஸ்டீயரிங் கவர் விலைக்குப் பக்கத்தில்தான் வரும்.

அடுத்தது சீட் பெல்ட். பல பழைய கார்களில் புது சீட் கவர் போடும்போது பின் சீட் பெல்ட்டின் கொக்கி கவருக்கு அடியில் புதைந்துவிடுகிறது. பிறகு அதை யாரும் தேடி எடுப்பதில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தபோதுதான் பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது நாடு முழுக்கப் பேச்சானது. மத்திய அரசு கணக்கின்படி அந்த ஒரே வருஷத்தில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதே 2022-ல் அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். புது சீட் கவர் போட்ட அன்றைக்கே பெல்ட் கொக்கியை வெளியே எடுத்து விடுவதற்குக் காசு எதுவும் ஆகாது.

கண்ணுக்குத் தெரியாதவை

டைமிங் பெல்ட் என்று ஒன்று உண்டு. ஆல்டோ 800, பழைய வேகன் ஆர் 1.1, சான்ட்ரோ ஜிங் போன்ற இன்ஜின்களில் அது ரப்பர் பெல்ட். ஆல்டோ கே10-ல் செயின். எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும் என்று ஓனர் கையேட்டில் இருக்கும். பழைய ஓனர் மாற்றினாரா என்பதற்கு பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது. அறுந்தால் வண்டி நடு ரோட்டில் நிற்கும். சில இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். அப்புறம் இன்ஜினைப் பிரிக்கிற வேலை.

கூலன்ட் இன்னொரு சோகக் கதை. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குடத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுவதுதான் முறை. மே மாதம் கோரிப்பாளையம் சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறுகிற வண்டிக்குத் தேவை ரேடியேட்டர் சர்வீஸ். பானட்டில் ஓட்டும் கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர் அதைக் குளிரவைக்காது.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கார்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. நிதி ஆயோக்கின் 2021-ம் வருஷத் திட்ட அறிக்கையே இப்படிப்பட்ட நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்றது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் பாதிக்கக்கூடும். அதனால் பெட்ரோல் குழாய், கிளிப், ஃபில்டர் மூன்றையும் ஒரு தடவை பட்டறையில் காட்டி, வெடிப்போ கசிவோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் வாடை வருகிற காரில் ஊதுபத்தி வாசனை ஸ்ப்ரே அடித்துச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது விண்டோ டிரெஸ்ஸிங்கின் உச்சம்.

லைட்டும் வயரும்

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று 60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் மாட்டுவார்கள். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8.3 ஆம்பியர். வயரில் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பது பிளஸ் டூ பாடம். கணக்குப் போட்டால் அதே பழைய வயரில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு சூடு. ஹோல்டர் உருகுவதும், வயர் கருகுவதும், கடைசியில் பானட்டில் இருந்து புகை வருவதும் இப்படித்தான். எதிரில் வருகிற டூவீலர்காரருக்கு இரண்டு நொடி கண்ணே தெரியாது என்பது தனிக் கதை.

பாதி நேரம் குறை பல்பில் இருக்காது. கண்ணாடி மஞ்சளாகிப் போயிருக்கும், எர்த் வயர் துருப்பிடித்திருக்கும். இரண்டையும் சுத்தம் செய்து, லைட் விழும் உயரத்தைச் சரி செய்தாலே பழைய பல்ப் போதும். இன்னும் வேண்டும் என்றால், அதே வாட்டில் தரமான பல்பும் சரியான ரிலே வயரிங்கும் போடலாம். இது நல்ல மாடிஃபிகேஷன். நல்ல எலக்ட்ரீஷியனாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவில் இருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தம், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. கேஸ் கிட் மாதிரியானவற்றுக்கு வழி உண்டு. அங்கீகரித்த கிட்டைப் பொருத்தி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

கறுப்பு ஃபிலிம் கதை கொஞ்சம் நீளம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டது. பிறகு விதிகள் திருத்தப்பட்டன. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், விதி சொல்லும் வெளிச்சம் உள்ளே வரும்படியான ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்றது. ஆனால் அந்த அளவு மாறவில்லை. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். உள்ளே இருப்பவர் முகமே தெரியாத ஃபிலிம் அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு.

முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுகளின் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் அது படும்போது அடி பலமாக விழும். ஏர்பேக் உள்ள வண்டியில் அதன் சென்சார் சரியாக வேலை செய்வதையும் அது கெடுக்கலாம்.

அலாய் வீலுக்கு முன்னால் பெயர் மாற்றம்

எல்லாவற்றையும்விட அலட்சியமாக விடப்படுவது காகிதம். "ஆர்.சி. பழைய ஓனர் பேர்லயே இருக்கட்டும், விக்கிறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்கிறவர்களுக்காக ஒரு வழக்கு. பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஓனரின் பெயரே இருந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போதோ காரை விற்றுவிட்டு நிம்மதியாக இருந்தவரின் தலையில் அந்தச் சுமை விழுந்தது.

வாங்கியவருக்கும் ஆபத்து உண்டு. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் வண்டியோடு கூடவே வந்துவிடும், ஆனால் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்ற வேண்டும். சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படித் தானாக வராது. பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸும் வராது, அது ஆளுக்குக் கொடுப்பது, வண்டிக்கு அல்ல. ஆகவே ஃபார்ம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றுவது, பழைய கடன் இருந்தால் ஃபார்ம் 35 கொடுத்து ஹெச்.பி. நீக்குவது, பரிவாகன் தளத்தில் பழைய அபராதம் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது... பாண்டி கோயிலுக்குப் போகும் முன்பே இதெல்லாம் முடிந்திருந்தால் இன்னும் நல்லது.

வண்டிக்கு 15 வருஷம் நெருங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-ல் இருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பசுமை வரி தனி. "சல்லிசா கிடைச்சது" என்று வாங்கிய 14 வருஷக் காரின் உண்மையான விலையில் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் நீங்கள்தான்

பிரிட்டனில் மூன்று வருஷம் ஆன கார் ஒவ்வொன்றும் வருஷா வருஷம் எம்ஓடி என்ற சோதனையில் தேற வேண்டும். டயர், பிரேக், லைட், பெல்ட் எல்லாம் பார்ப்பார்கள். ஜப்பானில் முதல் மூன்று வருஷத்துக்கு அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒரு சோதனை. இந்தியாவில் சொந்த உபயோகக் காருக்குப் பதிவு செய்த நாளில் இருந்து 15 வருஷம் வரை புகைச் சான்றிதழைத் தவிர வேறு சோதனை எதுவும் கட்டாயம் இல்லை. புகை சரியாக இருந்தால் போதும், பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை!

அதனால் அந்த வேலை ஓனருடையது. காரை வாங்கிய முதல் மாதமே பட்டறையில் விட்டு, மெக்கானிக் அண்ணனிடம் "எது ஓட்டை, எது ஒழுங்கு, ஒண்ணு விடாம சொல்லுங்கண்ணே" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்க வேண்டும். அதை மூன்றாகப் பிரிக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டது உடனே. இன்ஜின் சம்பந்தப்பட்டது மூன்று மாதத்துக்குள். வசதி, அழகு எல்லாம் அப்புறம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கும் கார் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சாக்குச் சொல்லவும் இடம் குறைந்துவிட்டது.

பாட்டே வேண்டாம், வாழ்க்கையே வெறுத்துப் போய் ஓட்டுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ரிவர்ஸ் கேமரா மாட்டுங்கள், மதுரைச் சந்துகளில் குழந்தைகள் பின்னால் ஓடி வருவார்கள். நல்ல வைப்பர் பிளேட், மொபைல் வைக்க ஒரு ஹோல்டர், அளவான மியூசிக் சிஸ்டம், உள்ளே நல்ல மேட், எல்லாம் சரிதான். முதல் வருஷக் கடன் அடைந்து, கையில் காசு மிஞ்சி, கம்பெனி சொன்ன அளவிலேயே அலாய் வீலும் போடுங்கள். அப்போது அது அழகு. அதற்கு முன்னால் போட்டால் அது மறைப்பு.

அடுத்த தடவை மண்டப வாசலில் சொந்தக்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு "பழைய வண்டியா மாப்ளே?" என்று கேட்டால் தலையைக் குனிய வேண்டியதில்லை. "ஆமா மாமா, பழசுதான். டயர், பிரேக், பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு. ராத்திரி எவ்வளவு நேரமானாலும் உங்களையும் அத்தையையும் வீட்டுல விட்டுட்டுப் போறேன், ஏறுங்க" என்று சொல்லலாம்.